எந்த லினக்ஸ் என்று கேட்பதற்கு முன்னால்

"எந்த லினக்ஸ் போடலாம்?" என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடக்கூடிய இலவச இயங்குதளம், அதில் பல வகை உண்டு. தக்கலையில் எங்கள் தெருவில் உள்ள கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். திங்கள்சந்தையில் கடை வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் காரணம் ஒன்றுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. வீட்டில் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதுவும் 2026 அக்டோபரில் தீர்ந்துவிடும். சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் புராசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல்தான். அதற்கு முன்னால் வாங்கிய லேப்டாப்புகளுக்கு முறையான வழியில் விண்டோஸ் 11 கிடையாது.

நம் குமரி மாவட்டத்தில் இந்த வகை லேப்டாப் இல்லாத தெரு இருக்காது. பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப், வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்தபோது மாமா கொண்டுவந்தது, கல்லூரிக்காகக் கடன் வாங்கி எடுத்தது என்று பீரோவுக்கு மேலே தூசி படிந்து கிடக்கின்றன. திரை நன்றாக இருக்கும், கீபோர்டு நன்றாக இருக்கும். அதைப் பழைய இரும்புக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. அதே வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அம்மாவின் போனில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாடம் படித்துக்கொண்டிருக்கும்.

அதனால் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் எடுத்தவுடனே ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது, ஏதாவது சிக்கிக்கொண்டால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், இவ்வளவும் தெரிய வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரியது. புதிதாக வருகிறவருக்கு நல்ல லினக்ஸ் எது என்றால், அவர் நடந்து போய்க் கேட்கக்கூடிய தூரத்தில் இருக்கிற ஒருவர் தினமும் பயன்படுத்துகிற லினக்ஸ்தான். அப்படி யாருமே இல்லை என்றால் என் பதில் லினக்ஸ் மின்ட்.

முதலில் வேலையைப் பார்ப்போம். டேலியில் கணக்கு எழுதுகிற கடைக்காரரிடம் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வைன் என்ற மென்பொருளை இடையில் வைத்து விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டிப் பார்க்க முடியும்தான். ஆனால் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய கணக்கை அந்த மாதிரி ஏற்பாட்டை நம்பி வைக்கக் கூடாது. இ-சேவை மையத்தின் கைரேகைக் கருவி, ஆடிட்டர் ஆபீஸில் டிஜிட்டல் கையொப்பம் போடுகிற யுஎஸ்பி டோக்கன், ஃப்ளெக்ஸ் கடையின் கோரல் டிரா, ஆல்பம் செய்கிற ஸ்டூடியோவின் போட்டோஷாப், கல்யாணக் குறி (அழைப்பிதழ்) அடிக்கிற அச்சகத்தின் பேஜ்மேக்கர் எல்லாம் இதே கணக்கில் வரும். இவர்கள் பிழைப்பு விண்டோஸின் மேல் நிற்கிறது. வேலைக்கான கணினியை அப்படியே விட்டுவிட்டு, வீட்டில் கிடக்கிற பழையதில் லினக்ஸைப் பழகிப் பார்க்கட்டும்.

மற்றவர்களின் வேலையை உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் பிரௌசருக்குள்ளேயே முடிந்துவிடும். யூடியூப், ஜிமெயில், வாட்ஸப் வெப், கூகுள் மீட், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், வில்லங்கச் சான்று பார்ப்பது எல்லாம் ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ நடப்பவை. லினக்ஸில் இரண்டும் உண்டு. அப்புறம் கடிதம், பயோடேட்டா, கோயில் கொடை நோட்டீஸ், சபைக் கணக்கு. அதற்கு எம்எஸ் ஆபீஸ் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் இருக்கிறது.

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். யார் எத்தனை கிலோ ஷீட் கொண்டுவந்தார்கள், ஒட்டுபால் தனியாக எவ்வளவு, அன்றைக்குக் கோட்டயம் விலை என்ன, முன்பணம் போக எவ்வளவு கொடுக்க வேண்டும், இவ்வளவும் ஒரு எக்செல் கோப்பில் வைத்திருக்கிறார். விண்டோஸ் திறக்கவே தேயிலை போட்டுக் குடித்துவிட்டு வரலாம் என்ற நிலையில் அவருடைய லேப்டாப் இருந்தது. "தம்பி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். கோட்டயம் விலையும் நேத்தைக்க கணக்கும் தெரிஞ்சா போரும்" என்றார். ஒரு கணினியிலிருந்து தனக்கு என்ன வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவர்கள் குறைவு. அவருடைய கோப்பை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்தோம். கூட்டல், பெருக்கல் சூத்திரங்கள் எல்லாம் அப்படியே வந்தன. தலைப்பில் இருந்த தமிழ் மட்டும் என்னவோ கிறுக்கல் போலத் தெரிந்தது. அதற்கு வேறு காரணம், பின்னால் வருகிறேன். உங்கள் எக்செல் கோப்பில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்கிற சிறு நிரல்) எழுதி வைத்திருந்தால் மட்டும் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். மேக்ரோக்கள் பல நேரம் கால்க்கில் அதே மாதிரி ஓடாது.

அடுத்தது எந்திரம். அந்த அண்ணனின் லேப்டாப் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். எந்த லினக்ஸ் போட்டாலும் இந்த ஹார்ட் டிஸ்க் இருக்கிறவரை பெரிய வித்தியாசம் தெரியாது. கணினி எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் படிக்க வேண்டும். சுழலும் தட்டின் மேல் ஒவ்வொன்றையும் தேடிப் போய் எடுப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக மாட்டுகிற, சில்லுகளால் ஆன எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு ஒன்றும் இல்லை. பழைய லேப்டாப்புக்குக் காசு செலவு செய்வதாக இருந்தால் முதல் செலவு எஸ்எஸ்டி, இரண்டாவது செலவு ரேம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. குளச்சல், முட்டம் போலக் கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். உப்புக்காற்றில் ரேமின் கால்களில் களிம்பு பிடித்து, கணினி எழும்பாமல் கிடக்கும். கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். அதைச் செய்து பார்க்காமல் போர்டு போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

லினக்ஸ் மின்ட் கேட்பது குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம். வசதியாக இருக்க 4 ஜிபியும் 100 ஜிபியும் என்று அவர்களே சொல்கிறார்கள். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்புக்கு 4 ஜிபியும் 25 ஜிபியும் வேண்டும். ஆனால் நடைமுறையில் ரேமைத் தின்பது பிரௌசர்தான். 4 ஜிபி கணினியில் எந்த லினக்ஸ் இருந்தாலும் ஒரே நேரத்தில் இருபது டேப் திறந்தால் திணறத்தான் செய்யும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது. 32 பிட் புராசசர் மட்டும் உள்ள மிகப் பழைய கணினிகளை உபுண்டுவும் மின்டின் முதன்மைப் பதிப்பும் கைவிட்டு வருடங்கள் ஆகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த, டெபியன் என்ற லினக்ஸின் 13-ஆம் பதிப்பிலும் 32 பிட் பிசிக்கான நிறுவல் வட்டு இல்லை. அந்த மாதிரிக் கணினியில் முதல் லினக்ஸ் பழக வேண்டாம்.

இனிப் பெயர்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட கெர்னல் என்ற மையப்பகுதிதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. அதன் மேல் குனு திட்டத்தின் அடிப்படைக் கருவிகள், மேசைத்தளம் (திரையில் நாம் பார்க்கிற மெனு, ஜன்னல் அமைப்பு), பயன்பாடுகள் எல்லாம் சேர்த்து ஒரு குழு தொகுத்துத் தருவதை டிஸ்ட்ரோ என்கிறோம். யாரும் தொகுக்கலாம் என்பதால் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலானவை இரண்டு மூன்று குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். 1993-இல் தொடங்கிய டெபியனிலிருந்து 2004-இல் உபுண்டு வந்தது. உபுண்டுவிலிருந்து 2006-இல் லினக்ஸ் மின்ட் வந்தது. ஸோரின் ஓஎஸும் உபுண்டு வழிதான். இந்தக் குடும்பத்தில் ஒன்றைக் கற்றால் மற்றதில் கை தடுமாறாது.

மின்டை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் அதன் அடக்கம். கீழே இடது ஓரத்தில் மெனு, அதே வரிசையில் திறந்திருக்கும் ஜன்னல்கள், வலது ஓரத்தில் நேரமும் வைஃபையும். விண்டோஸ் 7 பழகிய கண் எங்கும் தேட வேண்டாம். புதுப்பித்தல் வந்தால் ஓரத்தில் ஒரு சின்னக் குறி காட்டும். நாம் வேலையை முடித்துவிட்டு அழுத்தினால் போதும், பாதி வேலையில் கணினியை அணைத்துத் திறக்கச் சொல்லி வற்புறுத்தாது. மென்பொருள் மேலாளர், வைஃபை போன்ற வன்பொருளை ஓட்டுகிற டிரைவர்களைப் போடும் டிரைவர் மேலாளர், கணினியின் நிலையைச் சேமித்து வைக்கிற டைம்ஷிஃப்ட் எல்லாம் கூடவே வருகின்றன. இப்போதுள்ள 22 வரிசை, உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அவ்வளவு காலம் அடித்தளத்தை மாற்றாமல் ஒரே வரிசையில் இருக்கலாம் என்பது புதியவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

மின்டுக்குள்ளேயே சினமன், மேட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று மேசைத்தளங்கள் உண்டு. எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் இருந்தால் யோசிக்காமல் சினமன். 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. ரப்பர் அண்ணனுக்கு எஸ்எஸ்டி மாட்டி எக்ஸ்எஃப்சிஇதான் போட்டேன். மேட்டே நடுவில் நிற்கிறது. புதிதாக வருகிறவர் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

உபுண்டுவை நான் குறை சொல்ல மாட்டேன். உதவிக்குறிப்புகள் அதிகம் எழுதப்பட்டிருப்பது அதற்குத்தான். ஆனால் அதன் க்னோம் மேசைத்தளம் விண்டோஸ் பழகியவர்களுக்குப் புதிது, பழைய கணினியில் கொஞ்சம் கனம். புதிய லேப்டாப்பும் புதியதைக் கற்கும் ஆர்வமும் உள்ள மாணவருக்கு நன்றாகவே பொருந்தும். ஸோரின் பார்க்க மிக அழகானது. அதன் 18-ஆம் பதிப்பு விண்டோஸ் 10 ஆதரவு முடிந்த அதே நாளில் வெளியானது. காசு கொடுத்து வாங்குகிற புரோ பதிப்பும் உண்டு, வீட்டு வேலைக்கு இலவசப் பதிப்பே தாராளம். தோற்றம் மாறினால் கலங்கிவிடுகிற பெரியவர்களுக்கு மின்டுக்குப் பதிலாக ஸோரினைத் தாராளமாகப் போடலாம். ஃபெடோரா நல்ல வேலைப்பாடு, ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதம்தான் ஆதரவு. வருடா வருடம் பதிப்பு ஏற்றுகிற பழக்கம் அம்மாவுக்கு வராது. எல்லாவற்றையும் நாமே கட்டளை தட்டி அமைக்க வேண்டிய ஆர்ச் லினக்ஸை முதல் லினக்ஸாக யாருக்காவது போட்டுக் கொடுப்பது அவர்களுக்குச் செய்கிற உதவி அல்ல.

பாஸ் லினக்ஸைப் பற்றியும் கேட்கிறார்கள், ஏனென்றால் அரசின் இலவச லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு கூட அதுவும் இருந்தது. சிடாக் நிறுவனம் டெபியனை வைத்து இந்திய மொழிகளுக்காக உருவாக்கியது. நோக்கம் உயர்ந்தது. இருந்தும் பெரும்பாலான பிள்ளைகள் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அதற்கு அந்த மென்பொருளைக் குற்றம் சொல்ல முடியாது. கணினி கையில் வந்தது, பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுக்க ஆள் வரவில்லை.

களியக்காவிளையைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரளப் பள்ளிகளில் ஐடி@ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கி, சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளுக்கு (யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடியது) மாறியது. 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் தொகுத்திருக்கிறார்கள். ஆசிரியர்களுக்கு அதில்தான் பயிற்சி, பிள்ளைகள் கணினிப் பாடம் படிப்பதும் அதில்தான், பத்தாம் வகுப்பில் செய்முறைத் தேர்வு எழுதுவதும் அதில்தான். எங்கள் மைனியின் மகள் பாறசாலையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கோப்பு எங்கே இருக்கிறது, பிரிண்டர் எப்படிச் சேர்ப்பது, படத்தை ஜிம்ப்பில் எப்படி வெட்டுவது என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. குழித்துறையில் இருக்கிற அவளுடைய சித்தி வீட்டில் என்ன போடலாம் என்று கேட்டபோது நான் மின்ட் என்று சொல்லவில்லை, உபுண்டு என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு எது தெரியுமோ அதுதான் அந்த வீட்டுக்கு நல்லது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? கேட்டுப் பாருங்கள்.

பெயர் முடிவானதும் உடனே நிறுவ வேண்டாம். லைவ் முறையில், அதாவது பென் டிரைவிலிருந்தே, ஓட்டிப் பாருங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, லினக்ஸ் முழுதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பு (மின்ட் என்றால் கிட்டத்தட்ட 3 ஜிபி), அதை பென் டிரைவில் எழுத ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர். தரவிறக்கத்தை டிஸ்ட்ரோவின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் செய்யுங்கள். கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்க, கூடவே கொடுத்திருக்கிற சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கணினியைத் திறக்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்கு ஒரு விசை இருக்கும். அதை அழுத்தி பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், உள்ளே இருக்கிற விண்டோஸைத் தொடாமலேயே லினக்ஸ் முழுதாக எழும்பி நிற்கும்.

அங்கே உட்கார்ந்து நிதானமாகச் சோதிக்க வேண்டும். வைஃபை பிடிக்கிறதா? பாட்டு கேட்கிறதா? கூகுள் மீட்டில் கேமராவும் மைக்கும் வேலை செய்கிறதா? மூடியை மூடித் திறந்தால் திரும்ப எழும்புகிறதா? திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா? வைஃபைதான் பெரும்பாலும் இடறும் இடம். பிராட்காம் சில்லுகளும் சில ரியல்டெக் சில்லுகளும் தனி டிரைவர் கேட்கும். அந்த டிரைவரை இறக்கவே இன்டர்நெட் வேண்டுமே என்று திகைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இன்டர்நெட்டைக் கணினிக்குக் கொடுக்கிற யுஎஸ்பி டெதரிங்கைப் போனில் போட்டால் லினக்ஸ் அதை உடனே கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் டிரைவர் மேலாளரைத் திறந்தால் தேவையானதை அதுவே காட்டும். பிரிண்டரையும் இதே நேரத்தில் மாட்டிப் பாருங்கள். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் தானாகவே அடிக்கும். கடைகளில் அதிகம் காணப்படுகிற கேனான் எல்பிபி 2900 கேப்ட் என்ற தனி முறையில் இயங்குவதால் லினக்ஸில் மெனக்கெட வேண்டியிருக்கும். தினம் பிரிண்ட் எடுக்கிற வீடு என்றால் அந்த ஒரு காரணத்துக்காகவே முடிவு மாறலாம்.

இனித் தமிழ். நம் ஆட்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறவர்கள் பலர் இந்த இடத்தை ஓட்டமாக ஓடிக் கடந்துவிடுகிறார்கள். தமிழில் தட்ட முடியாத கணினியை வீட்டில் வைத்துப் பயன் என்ன? வடசேரியில் எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர், ஓய்வு பெற்ற பிறகு நாஞ்சில் நாட்டுச் சொலவடைகளைச் சேகரித்துத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். இளம் வயதில் தட்டச்சு எந்திரத்தில் லோயர், ஹையர் முடித்தவர். "மக்ளே, இது பழகின கை. புதுசா படிக்கச் சொன்னா என்னால ஆவாது" என்றார். "ஒண்ணும் படிக்க வேண்டாம் டீச்சர். உங்க கைக்குள்ளது இதுலயும் உண்டு" என்றேன். மென்பொருள் மேலாளரில், தமிழில் தட்ட உதவும் ஐபஸ் எம்17என் என்ற பொதியை நிறுவி, உள்ளீட்டு முறையில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழைச் சேர்த்தால் பட்டியல் வரும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட், பழைய தட்டச்சு எல்லாம் அதில் இருக்கின்றன. டீச்சர் பழைய தட்டச்சைத் தேர்ந்தெடுத்து, திரையைப் பார்க்காமல் ஒரு வரியை அடித்துவிட்டு நிமிர்ந்தார். வரி சரியாக வந்திருந்தது.

இப்போதுதான் தொடங்குகிற பிள்ளைகளுக்கு நான் தமிழ்99 என்றுதான் சொல்வேன். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தரமான விசைப்பலகை அது. உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் 'அம்மா' வந்துவிடும், புள்ளியை அதுவே வைக்கும். ஒரு எச்சரிக்கை: கீபோர்டு அமைப்புகளிலும் 'தமிழ்நெட் 99' என்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கும். அதில் இந்தத் தானியங்கிப் புள்ளி வராது. எம்17என் வழியாக வருவதையே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் அண்ணனின் கிறுக்கல் தலைப்புக்கும் டீச்சரின் பழைய கோப்புகளுக்கும் காரணம் ஒன்றே. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடுதான் யூனிகோடு, அவை அதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டியவை. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தன. எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கிற ஆங்கில எழுத்தும் குறியும் வெளியே தெரிந்துவிடும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். விண்டோஸிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து வந்து இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் பழையபடி படிக்கலாம். ஆனால் அது தற்காலிக ஏற்பாடு. நிலையாக வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும், அதற்கான மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் 'கெ', 'கொ' போன்றவற்றின் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும், யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். மாற்றி இந்த வரிசையில் தவறினால் கொம்பு அடுத்த எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். டீச்சரின் தொகுப்பு போல ஊரின் பேச்சு பதிவாகியிருக்கிற கோப்புகளுக்கு இந்த உழைப்பு வீண்போகாது. அதை யூனிகோடுக்குக் கொண்டுவருவதை எந்த டிஸ்ட்ரோ என்ற விவாதத்தைவிட முக்கியமானதாக நான் நினைக்கிறேன்.

நிறுவுவது பற்றிக் கொஞ்சம். போட்டோவும் கோப்புகளும் தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். விண்டோஸை வைத்துக்கொண்டு கூடவே லினக்ஸும் வேண்டும் என்றால் இரண்டு விஷயம்: விண்டோஸில் பாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (விண்டோஸ் முழுதாக அணையாமல் வைத்திருக்கும் வசதி) நிறுத்துங்கள், பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்த்து அதன் மீட்புச் சாவியை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்தச் சாவி இல்லாமல் பூட் அமைப்புகளைத் தொட்டால் விண்டோஸ் பக்கம் போக முடியாமல் நிற்க வேண்டிவரும். நம் ஊரில் ஐப்பசி மாதம் மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும் கூட்டிக்கொண்டு வரும், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்திருக்கும். அதனால் நிறுவும் வேலையைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். டிஸ்கைப் பிரிக்கும் பார்ட்டிஷன் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் மிக மோசமான நேரம். நிறுவும்போது, பாட்டும் வீடியோவும் ஓட உதவுகிற மல்டிமீடியா கோடெக்குகள் வேண்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும், அதை டிக் செய்துவிடுங்கள்.

முதல் நாளே டைம்ஷிஃப்டைத் திறந்து ஒரு நிலைப்பதிவு எடுத்து வையுங்கள். ஒரு புதுப்பித்தல் ஏதாவது கெடுத்தால் முந்தைய நிலைக்குத் திரும்ப அது உதவும். அது இயங்குதளத்துக்கு மட்டும்தான், உங்கள் போட்டோக்களைக் காப்பாற்றாது, அதற்குத் தனி நகல் வேண்டும். மென்பொருள் தேவைப்பட்டால் மென்பொருள் மேலாளருக்குள்ளேயே தேடுங்கள். விண்டோஸ் பழக்கத்தில் எங்கெங்கோ தேடி இறக்கி நிறுவுவதை விட்டுவிடுங்கள். யாரோ எழுதிய டெர்மினல் கட்டளையை, அது என்ன செய்கிறது என்று தெரியாமல் ஒட்டாதீர்கள், அதிலும் முன்னால், முழு அதிகாரத்தோடு ஓட்டச் சொல்கிற 'சுடோ' இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

பக்கத்தில் கேட்க ஆள் இல்லாதவர்கள் தமிழிலேயே படிக்கலாம். கணியம் அறக்கட்டளை லினக்ஸ் பற்றியும் கட்டற்ற மென்பொருள் பற்றியும் பல ஆண்டுகளாகத் தமிழில் எழுதி இலவசமாகக் கொடுக்கிறது. விழுப்புரத்திலும் சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை நாகர்கோவிலில் பத்துப் பேர் பழைய லேப்டாப்போடு ஒரு இடத்தில் கூடினால், இந்தக் கட்டுரையில் நான் எழுதியதில் பாதிக்குத் தேவையே இருக்காது. இடம் கொடுக்க முடிந்தவர்களும் சொல்லிக்கொடுக்க முடிந்தவர்களும் எனக்கு எழுதுங்கள். நான் வருகிறேன், பென் டிரைவ்களும் கொண்டுவருகிறேன்.

சந்தேகம் கேட்டு எழுதுகிறவர்கள் "வைஃபை வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுத வேண்டாம். மின்டின் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று இருக்கும். அதைத் திறந்து நகலெடுக்கும் பொத்தானை அழுத்தினால் கணினியின் முழு விவரமும் கிடைக்கும். அதை அப்படியே ஒட்டி, எப்போதிலிருந்து சிக்கல், கடைசியாக என்ன செய்தீர்கள், திரையில் என்ன எழுத்து வந்தது என்று சேர்த்து எழுதுங்கள். எந்தச் சில்லு என்று தெரிந்தால் பதில் சொல்ல எனக்கும் எளிது.